கூண்டுக்கு மிஞ்சிய உயிர்கள்

(மணிமுத்தாறில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நோயில்லாத, காயமில்லாத, கிழடும் தட்டாத ஒரு விலங்கை, வைத்துக்கொள்ள இடமில்லை என்பதற்காக ஒரு விலங்குக்காட்சி சாலை கொல்லலாமா? இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர் ஒருவர், "நம்ம நாட்டுல அதெல்லாம் கெடையாதுல்லா ஐயா" என்றார். கிடையாதுதான். சட்டமே இடம் கொடுப்பதில்லை. அப்படியானால் மிஞ்சிய விலங்கை நாம் என்னதான் செய்கிறோம்? அதைக் கேட்பார் யாரும் இல்லாததால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் வெளிநாட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014 பிப்ரவரி 9. டென்மார்க்கின் கோபன்ஹேகன் விலங்குக்காட்சி சாலையில் மாரியஸ் என்று ஓர் ஆண் ஒட்டகச்சிவிங்கி. வயது ஏறக்குறைய இரண்டு. பிடித்த ரொட்டியைக் காட்டி அழைத்துவந்து தலையில் சுட்டார்கள். விஷ ஊசி போடவில்லை. போட்டால் இறைச்சி வீணாகிவிடும். பிறகு பார்வையாளர்கள் முன்னால், குழந்தைகளும் நிற்க, உடலை அறுத்து உள்ளுறுப்புகளை விளக்கினார்கள். இறைச்சி சிங்கங்களுக்குப் போனது. உலகம் முழுக்கக் கண்டனம். பூங்காவின் அறிவியல் இயக்குநர் பெங்ட் ஹோல்ஸ்ட் அசரவில்லை. ஆண்டுதோறும் இருபது, முப்பது விலங்குகளை இப்படி நீக்குவது வழக்கம்தான் என்றார். அடுத்த மாதமே அதே பூங்கா நான்கு சிங்கங்களையும் கொன்றது. புதிய ஆண் சிங்கம் ஒன்று வரவிருந்தது, அதற்கு இடம் வேண்டியிருந்தது.

அவர்கள் தரப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மாரியஸின் பங்காளிகள் ஐரோப்பியப் பூங்காக்களில் ஏற்கெனவே நிறைய இருந்தன. அது வளர்ந்து இணைசேர்ந்தால் நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே கலப்பு நடக்கும். காயடித்து வைத்துக்கொண்டால், இனத்துக்குப் பயன்படக்கூடிய வேறொரு விலங்கின் இடத்தை அது ஆயுள் முழுக்க அடைத்துக்கொள்ளும். கருத்தடை மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. குட்டி ஈன்று வளர்ப்பது ஒரு விலங்குக்கு வாழ்க்கையின் பெரும்பகுதி, அதைப் பறித்துவிட்டு வெறுமனே தின்று உறங்க வைப்பதும் கொடுமைதான். ஆகவே ஈனட்டும், வளர்க்கட்டும், குட்டி தாயை விட்டுப் பிரியும் வயதில் நாம் எடுத்துவிடுவோம். காட்டிலும் பெரும்பாலான குட்டிகள் அப்படித்தான் சாகின்றன என்பது அவர்கள் வாதம்.

கடைசி வரியில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. காட்டில் ஒட்டகச்சிவிங்கிக் குட்டியைச் சிங்கம் கொல்கிறது, வறட்சி கொல்கிறது. தப்புவதற்கு நான்கு காலும் பரந்த வெளியும் அதற்கு உண்டு. விலங்குக்காட்சி சாலை வறட்சியை எடுத்துவிட்டது, சிங்கத்தை வேலிக்கு அப்பால் வைத்துவிட்டது, பரந்த வெளியையும் எடுத்துவிட்டது. காட்டிலிருந்து சாவை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு அதற்கு இயற்கை என்று பெயர் சூட்டினால் எப்படி?

ஜெர்மனியின் மாக்டபர்க்கில் 2008இல் மூன்று புலிக்குட்டிகளைப் பிறந்தவுடன் கொன்றார்கள். தகப்பன் புலி கலப்பினம் என்று தெரியவந்ததுதான் காரணம். இது நீதிமன்றம் போய், 2010இல் இயக்குநரும் ஊழியர் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தக்க காரணமின்றி விலங்கைக் கொல்லக் கூடாது என்கிறது அந்நாட்டுச் சட்டம். ரத்தத் தூய்மை தக்க காரணம் ஆகாது என்றது நீதிமன்றம். ஆனால் அதே ஜெர்மனியில், 2025 ஜூலை 29 அன்று நியூரம்பெர்க் விலங்குக்காட்சி சாலை பன்னிரண்டு பபூன் குரங்குகளைச் சுட்டது. 2009இல் கட்டிய கூடம் ஏறத்தாழ இருபத்தைந்து குரங்குகளுக்கு ஆனது. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது. நெரிசலில் ஒன்றையொன்று கடித்துக் குதறின. கருத்தடை முயன்றார்கள், கைகூடவில்லை. ஓராண்டுக்கு முன்பே கொல்வோம் என்று அறிவித்துவிட்டுத்தான் கொன்றார்கள். போராட்டக்காரர்கள் தரையில் கையை ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

நான் கால்நடை மருத்துவன். இடுப்பு முறிந்த பசு, வெறிநோய் முற்றிய நாய் என்று எத்தனையோ உயிர்களை ஊசி போட்டு முடித்துவைத்திருக்கிறேன். அந்த ஊசி விலங்கின் வலிக்காகப் போடுவது. பபூன்களைச் சுட்டது கட்டடத்தின் அளவுக்காக. இரண்டையும் கருணைக்கொலை என்ற ஒரே சொல்லில் சில பத்திரிகைகள் அடக்கிவிடுகின்றன. என் தொழிலுக்கு அது அவமரியாதை.

இனி நம் நாடு. 2009ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகள் தெளிவாக இருக்கின்றன. மளமளவென்று பெருகும் விலங்குகளில் ஆண் பெண்ணைப் பிரித்து வையுங்கள், அறுவை செய்யுங்கள், கருத்தடை மருந்து வையுங்கள் என்கின்றன. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை எனும் அளவுக்கு வேதனைப்படும் விலங்கை மட்டும், காரணத்தை எழுதிவைத்துவிட்டு முடித்துவைக்கலாம். ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு விலங்கை மாற்ற மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல விதி ஐரோப்பாவில் இல்லை.

வள்ளுவர் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் துறவறவியலில் வைத்தார். நாம் கொல்லாமையைப் பூங்கா விதியில் வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையிலும் நிற்கிறோம். நானும் நிற்பவன்தான், குறையாகச் சொல்லவில்லை. விதியில் எழுதிய கொல்லாமை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைச் சிங்கத்தின் கதையில் பார்க்கலாம்.

சண்டிகர் பக்கம் சத்பீர் என்ற இடத்தில் ஒரு பூங்கா. கிர் காட்டுச் சிங்கங்களோடு சர்க்கஸ்களிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களைக் கலக்கவிட்டார்கள். கூட்டம் பெருகியது, பார்வையாளருக்குக் கொண்டாட்டம். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்ந்ததில் நோய் எதிர்ப்பு குன்றி, புண் ஆறாத, நடக்கத் தள்ளாடும் சிங்கங்கள் பிறந்தன. கலப்பினம் என்பதால் கிர் இனத்தைக் காக்கும் திட்டத்துக்கும் அவை உதவாது. இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில் ஆண்களுக்கெல்லாம் கருத்தடை அறுவை செய்து, இனி ஒவ்வொன்றாகச் செத்து முடியட்டும் என்று விட்டார்கள். மாக்டபர்க் குட்டிகளுக்குச் சொன்ன அதே குற்றம்தான் இவற்றுக்கும், ரத்தம் தூய்மையில்லை. அங்கே பிறந்தவுடன் கொன்றார்கள், இங்கே சாகும்வரை அடைத்துவைத்தார்கள்.

சர்க்கஸ் சிங்கங்களுக்கும் அதே முடிவுதான். 1998இல் சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூடாரத்திலிருந்து வெளியேறியவை வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம் என்று மீட்பு மையங்களுக்குப் போயின. குட்டி போடவிடாமல், பொதுமக்கள் பார்வைக்கும் வைக்காமல், ஆயுள் முடியும்வரை பராமரிப்பு. நல்ல காரியம். அதன் செலவைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு சிங்கத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ மாட்டிறைச்சி, வாரத்தில் ஒருநாள் பட்டினி. ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. பதினைந்து ஆண்டு வாழ்ந்தால் முப்பது டன்னைத் தாண்டும். ஓர் எருமையில் நூற்றைம்பது கிலோ கறி தேறும் என்றே வையுங்கள், இருநூறு எருமைகளுக்கு மேல் ஆகிறது. ஒரு சிங்கத்தைக் கொல்லாமல் விட்ட புண்ணியத்தை அந்த இருநூறு எருமைகளின் கழுத்தில் எழுதியிருக்கிறோம்.

சிபிச் சோழன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். புறாவையும் காக்க வேண்டும், பருந்தும் பசியாற வேண்டும் என்றபோது அவன் தன் தொடையை அறுத்தான். விலங்குக்காட்சி சாலையில் யாரும் தொடையை அறுக்க வேண்டியதில்லை, டெண்டர் விட்டால் போதும். இதற்காகச் சிங்கங்களைக் கொன்றிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மனிதன் வித்தைக்காகப் பிறப்பித்த விலங்குக்கு ஆயுள்வரை சோறு போடுவது நம் கடன். ஆனால் கொல்லாமை என்று பலகை மாட்டிக்கொண்டு கோபன்ஹேகனைப் பார்த்து முகம் சுளிக்கும்போது, எருமைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே மாரியஸின் இறைச்சியாவது வேறொரு மாட்டின் சாவைத் தவிர்த்தது.

அடுத்தது முதலை. நம் மாநிலத்துக் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எழுபதுகளில் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அழிவின் விளிம்பில் நின்றன. தோலுக்காக வேட்டை. 1975இல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினார்கள். சாத்தனூர், அமராவதி, ஒகேனக்கல் பக்கமும் அரசுப் பண்ணைகள் வந்தன. ஆற்றங்கரையில் முட்டை பொறுக்கி, குஞ்சு பொரிக்கவைத்து, மூன்று நான்கு அடி வளர்ந்ததும் அணைகளிலும் ஆறுகளிலும் விட வேண்டும். அதுதான் திட்டம், அது பலித்தது.

அளவுக்கு மீறிப் பலித்தது என்பதுதான் வினை. சதுப்பு முதலை ஓர் ஈட்டுக்கு இருபத்தைந்து, முப்பது முட்டை இடும். காட்டில் ஒன்றிரண்டு தப்பினாலே பெரிது. பண்ணையில் மீனும் இறைச்சியும் தட்டாமல் கிடைத்ததில் ஆண்டுக்கு இரண்டு ஈடு இடும் பெண் முதலைகளும் இருந்தன. அணைகளோ நிரம்பிக்கொண்டு வந்தன. கரையோர மக்கள் முதலை வேண்டாம் என்றார்கள். 1994இல் முதலைகளை வெளியில் விடுவதை மத்திய அரசு நிறுத்திவிட்டது. தோலுக்காகப் பண்ணை முறையில் பயன்படுத்தினால் இருளர் போன்றோருக்கு வருமானமும் ஆகும், முதலைக்கும் ஒரு மதிப்பு இருக்கும் என்ற யோசனையை விட்டேக்கர் அக்காலத்தில் முன்வைத்தார். சட்டம் இடம் தரவில்லை. விடவும் கூடாது, விற்கவும் கூடாது, கொல்லவும் கூடாது. முதலையோ பல பத்தாண்டுகள் வாழும் பிராணி. என்ன செய்வார்கள்? ஆண் பெண்ணைப் பிரித்தார்கள். முட்டையிடும் பருவத்தில் கூடுகளைத் தோண்டி முட்டைகளை எடுத்து அழித்தார்கள். அப்படியும் குழிகளில் நெரிசல் குறையவில்லை.

கடைசியில், ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மீட்பு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப மத்திய ஆணையம் அனுமதி கொடுத்தது. சென்னையைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கை 2022இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மரப்பெட்டியில் அடைத்து, தடுப்பு வைத்து, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முதலைகள் போயின. நூற்றுக்கணக்கான உயிர்களை ஏற்றுக்கொள்ள வேறெவரும் வரவில்லை என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் படைத்த ஒரே ஓர் இடத்தின் தயவில் ஒரு நாட்டின் உபரிக் கணக்கு தீர்வது கொள்கை ஆகாது.

முட்டையை அழிப்பது கொலையா என்று கேட்பீர்கள். இட்ட புதிதில் எடுத்தால், அதில் வலியை உணரும் உயிர் இல்லை. பொரித்து, வளர்ந்து, பிறகு நெரிசலில் கால் இழந்து கிடக்கும் முதலையைப் பார்த்தவர்கள் முட்டையைத் தோண்டியவர்களைத் திட்ட மாட்டார்கள். பண்ணை செய்த காரியங்களில் எனக்கு முழு மரியாதை உள்ளது அதில்தான்.

மான் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லி ஹவுஸ் காஸ் மான் பூங்காவில் அறுபதுகளில் ஆறு புள்ளிமான்களை விட்டார்கள். அறுநூறு ஆயிற்று. 2023இல் ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்து, மான்களை ராஜஸ்தான் காடுகளுக்கு மாற்றச் சொன்னது. போகும் இடம் புலிகள் காப்பகம். அறுபது ஆண்டு புலி வாடையே தெரியாத மானைப் புலிக்காட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். கோபன்ஹேகன்காரன் துப்பாக்கியால் செய்ததை நாம் புலியைக்கொண்டு செய்கிறோம், கோப்பில் "மறுஅறிமுகம்" என்று எழுதுகிறோம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இங்கே திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் 2013இல் புள்ளிமான் சரணாலயம் அறிவித்தார்கள், 288 ஹெக்டேர். தண்ணீர் தேடி நெடுஞ்சாலையைக் கடக்கும் மான்கள் வண்டியில் அடிபடுகின்றன. அதை யாரும் உபரி என்று எழுதுவதில்லை, விபத்து என்றுதான் எழுதுகிறார்கள்.

மணிமுத்தாறுக்கு இந்தப் பேச்சு அந்நியமில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 ஜூன் மாதம், கம்பம் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் யானையை லாரியில் ஏற்றி, இந்த ஊர்ச் சோதனைச்சாவடி வழியாகத்தான் மாஞ்சோலைக்கும் அதற்கு அப்பால் மேல் கோதையாறுக்கும் கொண்டுபோனார்கள். ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட அதே யானை. அடுத்த ஆண்டு வேம்பையாபுரம் பக்கம் கூண்டில் சிக்கிய சிறுத்தைகளும் மலை ஏறின. அவை பூங்கா விலங்குகள் அல்ல, வேறு வழக்கு. ஆனாலும், எங்கேயும் வேண்டாம் என்று ஆன விலங்கை மலையில் விட்டுவிட்டு வந்து கை கழுவும் பழக்கம் ஒன்றேதான். மலை என்பது நாம் கணக்கில் மிச்சம் விழுந்ததையெல்லாம் போட்டுவைக்கும் பரண் இல்லை. அங்கே ஏற்கெனவே யானை இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு வீட்டுத் தொழுவத்தைப் பார்க்காமல் போனால் பேச்சு நேர்மையாகாது. கலப்பினப் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறோம். காளைக்கன்று பிறந்தால் அந்த வீட்டில் முகம் சுருங்குவதை எத்தனையோ அதிகாலைகளில் பார்த்திருக்கிறேன். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பால் கறக்காத உயிருக்கு யார் தீவனம் வைப்பார்கள்? சில நாளில் கன்று காணாமல் போகும். கோயிலுக்கு விட்டோம் என்பார்கள், வியாபாரி கொண்டுபோனான் என்பார்கள். முட்டைக்கோழிப் பண்ணையில் பொரித்த அன்றே சேவல் குஞ்சுகளைக் கழித்துவிடுகிறார்கள். தப்பியவை சாயம் பூசித் திருவிழாக் கடைக்கு வருகின்றன. மாரியஸைக் கொல்லாதே என்று மனுவில் கையெழுத்துப் போட்ட கைகள் இவற்றுக்குப் போடவில்லை. பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசி இப்போது வந்திருக்கிறது. என் தொழிலில் நான் கண்ட நல்ல மாற்றங்களில் அதுவும் ஒன்று, ஏனென்றால் அது பிறப்புக்கு முன்னால் கேள்வியைக் கேட்கிறது.

நான் சொல்ல வந்ததும் அந்த இடம்தான். கொல்லலாமா, கூடாதா என்ற கேள்வி பிறந்தபின் வருவது, அப்போதே காலம் கடந்துவிட்டது. நம் மணிமுத்தாறு அணையின் முழு மட்டம் 118 அடி. அதற்கு மேல் வரும் தண்ணீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் முதல் சொட்டு தேங்குவதற்கு முன்பே வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். நியூரம்பெர்க்கில் 2009இல் கூடம் கட்டியபோது அந்த வரைபடம் இல்லை. சத்பீரில் இல்லை. டெல்லியில் ஆறு மான்களை விட்ட அன்றைக்கும் இல்லை. குட்டி பிறந்தால் கூட்டம் வரும், பத்திரிகையில் படம் வரும், அமைச்சர் பெயர் சூட்டுவார். வெள்ளைப் புலிக்குட்டிக்குப் பெயர் சூட்டும் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டியை எந்தக் காட்டிலும் விட முடியாது. நெருங்கிய ரத்தத்தில் பிறப்பித்த காட்சிப்பொருள் அது. அடுத்த இருபது ஆண்டு அது எங்கே இருக்கும் என்று அந்த மேடையில் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் பிறப்பையே நிறுத்திவிடலாமா? அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்கு நம் மலையிலேயே சாட்சி உண்டு. காக்காச்சி, நாலுமுக்குப் பக்கம் சோலைக்காட்டில் வாழும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. வட அமெரிக்கப் பூங்காக்களில் ஒருகாலத்தில் இது நன்றாகப் பெருகியது. இடமில்லை என்று கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். பல ஆண்டு குட்டி போடவிடாமல் வைத்த பெண்கள் பிறகு விட்டபோது சூல் கொள்ளவில்லை. கூட்டம் கிழடு தட்டியது, எண்ணிக்கை சரிந்தது. உபரியாக இருந்த இனமே சில பத்தாண்டில் பற்றாக்குறை ஆனது. ஆகவே சோலைமந்தியைப் பொறுத்தவரை ஈனவிட்டுத்தான் ஆக வேண்டும். ஈனவிட்டால் ஆண்கள் மிஞ்சும். காட்டில் வளர்ந்த ஆண் தன் கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போகும். கூண்டில் போக வழியில்லை. மூத்த ஆணோடு கடி.

இங்கே டேனிஷ்காரர் கையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோவார். நான் கொத்தனாரைக் கூப்பிடச் சொல்வேன். ஆண்கள் மட்டும் சேர்ந்து வாழும் தனிக் கூடத்தை, ஈனவிடும் திட்டத்தோடு சேர்த்தே கட்ட வேண்டும். எந்தப் பூங்கா எத்தனை குட்டிக்குத் திட்டமிடுகிறது, அதில் மிஞ்சும் ஆண் எங்கே போகும், அதன் இருபது ஆண்டுத் தீனிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை ஆணையம் இணைசேர்க்கும் அனுமதிக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும், அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஆண்டுக்கு இருபது முப்பது கொல்கிறோம் என்று ஹோல்ஸ்ட் கேமராவைப் பார்த்துச் சொன்னாரே, அந்த வெளிப்படைத்தன்மையை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நம் பூங்காக்களில் எத்தனை புலிகள் இரவுக் கொட்டிலிலேயே பகலையும் கழிக்கின்றன என்று அதேபோல் ஓர் அதிகாரி மேடையில் சொல்லட்டும்.

பள்ளிப் பிள்ளைகள் அடுத்த சுற்றுலாவில் வண்டலூருக்குப் போவீர்கள். புதிதாகப் பிறந்த குட்டியைக் காட்டுவார்கள். ஆசையாகப் பாருங்கள், படமும் எடுங்கள். கூட நிற்கும் ஊழியரிடம், இதன் அண்ணன்மார் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நல்ல ஊழியராக இருந்தால் பின்பக்கம் உள்ள கொட்டிலைக் கை நீட்டிக் காட்டுவார்.